உடல்நலத் துறைக்கு ஒரு கலைப் பட்டம்: பாடத்திட்டம் போடச் சொல்கிறார்கள், எங்கே ஓட்டை என்று சொல்லுங்கள்

#1 வைகைக்கரை

வணக்கம். தென்மாவட்டத்தில் ஒரு தன்னாட்சிக் கல்லூரியில் பதினாறு வருடமாக ஆங்கிலம் நடத்துகிறேன். அடுத்த கல்வியாண்டில் புதிதாக ஒரு மூன்று வருடப் பட்டம் தொடங்கப் போகிறார்கள். "நீட் எழுதி இடம் கிடைக்காத பிள்ளைங்க ஊருக்கு ஊர் இருக்காங்க சார், அவங்களை நாம பார்க்கணும்" என்று முதல்வர் பேச ஆரம்பித்தார். பேசி முடிப்பதற்குள் பாடத்திட்டம் போடும் வேலை என் தலையில் விழுந்திருந்தது.

மருத்துவமனை, பொதுச் சுகாதாரம், காப்பீடு, ஆலோசனை என்று உடல்நலம் சார்ந்த வேலைகளுக்குப் போகிறவர்களுக்கு மொழி, சமூகவியல், உளவியல், வரலாறு, கொஞ்சம் உடலியல், கொஞ்சம் புள்ளியியல் எல்லாம் கலந்த ஒரு படிப்பு. இதுதான் யோசனை.

என் வரைவு இது. பகுதி ஒன்று தமிழ், பகுதி இரண்டு ஆங்கிலம், வழக்கம்போல நான்கு பருவம். முதல் வருடம் சமூகவியல் அறிமுகம், உளவியல் அறிமுகம், உடலமைப்பும் உடலியக்கமும். இரண்டாம் வருடம் மருத்துவ வரலாறு, சத்துணவியல், புள்ளியியல், சுகாதாரப் பொருளாதாரம். மூன்றாம் வருடம் மருத்துவ அறவியல், மருத்துவமனை மேலாண்மை, இலக்கியத்தில் நோய் (இது என் ஆசை, மறைக்கவில்லை), ஒரு புராஜெக்ட். மொத்தம் 140 கிரெடிட். இரண்டாம் வருட விடுமுறையில் ஏதாவது ஒரு மருத்துவமனையில் இன்டர்ன்ஷிப்.

பாடத்திட்டக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. இந்தத் துறையில் இருப்பவர்கள் தயவுசெய்து கிழித்துப் போடுங்கள்.

#2 பழைய_பதிவாளர்

சார், தப்பாக நினைக்க வேண்டாம். பொருளாதாரத் துறையில் யாருக்கு ஆறு மணி நேரம் குறைகிறது?

#3 வைகைக்கரை

ஆறு இல்லை, பத்து. வரலாற்றில் எட்டு. கண்டுபிடித்துவிட்டீர்கள்.

#4 பழைய_பதிவாளர்

கண்டுபிடிக்க ஒன்றுமில்லை. தேர்வுத் துறையில் இருபத்தெட்டு வருடம் இருந்தேன். புதுப் பட்டம் என்று வருவதில் பாதி, இருக்கிற ஆசிரியர்களின் வேலைநேரத்தை நிரப்ப வருவதுதான். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. அவர்கள் வேலையும் நிலைக்க வேண்டுமே. ஆனால் அந்தக் கணக்கில் போட்ட பாடத்திட்டம் அவியல் மாதிரி கூட ஆகாது. அவியலில் தேங்காயும் தயிரும் காய்களைச் சேர்த்துப் பிடிக்கும். உங்கள் வரைவில் பிடிக்கிற பொருள் எதுவும் இல்லை.

என் துறை சார்ந்து இரண்டு விஷயம் மட்டும் சொல்கிறேன்.

ஒன்று, பெயர். பி.ஏ., பி.எஸ்சி., பி.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி) மாதிரி யுஜிசி அறிவித்த பட்டப் பெயர்களுக்கு வெளியே போக முடியாது, அது எல்லோருக்கும் தெரியும். கோட்டை விடுவது அதற்குப் பக்கத்தில் வரும் பாடப் பெயரில். 'உடல்நல மானுடக் கலைகள்' என்று ஏதாவது அழகாக வைப்பீர்கள். உங்களிடம் படித்த ஒரு பெண் அரசுத் தேர்வு எழுதித் தேறி, சான்றிதழ் சரிபார்ப்புக்குப் போய் நிற்பாள். "நாங்க கேட்டது சமூகவியல், இது அதுக்கு இணைன்னு அரசாணை இருக்கா?" என்பார்கள். இருக்காது. இணைத்தன்மைக்கு விண்ணப்பித்து, குழு கூடி, ஆணை வருவதற்குள் அந்த இடத்தில் வேறொருவர் உட்கார்ந்திருப்பார். இப்படி ஒரு பையன் என் மேசைக்கு மூன்று முறை வந்தான். மூன்றாம் முறை அப்பாவையும் கூட்டி வந்தான். பி.ஏ. சமூகவியல் என்றோ பி.எஸ்.டபிள்யூ. என்றோ பழைய பெயரிலேயே வாங்குங்கள். புதுமையை விருப்பப் பாடங்களிலும் திறன் பாடங்களிலும் வையுங்கள். பெயரில் வேண்டாம்.

இரண்டு, 2021-இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் உடல்நலத் தொழில்கள் ஆணையச் சட்டம். உடல்நலத் தொழில்முறையாளர் என்று பதிவு செய்ய வேண்டுமானால் குறைந்தது 3600 மணி நேரப் படிப்பு வேண்டும், டெக்னீஷியன் மாதிரித் துணைநிலைப் பணியாளருக்கு 2000 மணி. நம் கல்லூரிகளில் வாரம் 30 மணி, பருவத்துக்குப் பதினைந்து வாரம், ஆறு பருவம். போட்டுப் பாருங்கள், 2700. மணிக் கணக்கு மட்டும் தகுதி தராது என்பது வேறு விஷயம், அந்தத் தொழிலுக்கு வகுத்த பாடமும் பயிற்சியும் வேண்டும். அதனால் இந்தப் பட்டம் யாரையும் தெரபிஸ்ட் ஆக்காது, டெக்னீஷியனும் ஆக்காது. சேர்க்கைக் கையேட்டில் முதல் பக்கத்திலேயே இதைப் போடுங்கள்.

#5 பிளஸ்டூ_அம்மா

நான் பெற்றோர் தரப்பு. என் மகள் உயிரியல் பிரிவு, இரண்டு தடவை நீட் எழுதிவிட்டாள். உங்கள் முதல்வர் சொன்ன அந்தப் "பிள்ளைங்க" இவள்தான். எனக்கு ஒரே கேள்வி. படித்து முடித்தால் என்ன வேலை? "வாய்ப்புகள் ஏராளம்" என்று மட்டும் சொல்லாதீர்கள் சார். அந்த வரியை எட்டுக் கல்லூரி நோட்டீசில் படித்துவிட்டேன்.

#6 வைகைக்கரை

நியாயமான கேள்வி மேடம். இன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குத்தான் இங்கே வந்தேன்.

#7 ஜெர்சிக்காரன்

அமெரிக்காவில் இருக்கிறேன், மகன் இப்போது இந்த வழியில்தான் போய்க்கொண்டிருக்கிறான். ஒரு எச்சரிக்கை. இங்கே 'ப்ரீ-மெட்' என்பது தனிப் பட்டம் இல்லை. மருத்துவக் கல்லூரியே இளநிலைப் பட்டத்துக்குப் பிறகுதான். அதனால் தத்துவமோ வரலாறோ எடுத்துப் படித்துக்கொண்டே உயிரியல், வேதியியல், இயற்பியலில் கேட்கிற பாடங்களையும் முடித்து, எம்கேட் என்ற நுழைவுத் தேர்வு எழுதிப் போகலாம். அந்தத் தேர்விலேயே 2015 முதல் உளவியலும் சமூகவியலும் ஒரு தனிப் பகுதி. நியூயார்க்கில் மவுன்ட் சினாய் மருத்துவக் கல்லூரி 1987-இல் கலைப்பாட மாணவர்களுக்கென்று ஒரு தனி வழி திறந்தது. அவர்கள் எம்கேட் எழுத வேண்டாம், கரிம வேதியியலும் வேண்டாம். அப்படி வந்தவர்கள் மருத்துவப் படிப்பில் மற்றவர்களுக்குச் சளைக்கவில்லை என்று 2010-இல் ஆய்வும் வெளியிட்டார்கள்.

ஆனால் அந்தக் கதவு இங்கே இருப்பதால்தான் இந்தப் படிப்புக்கு இங்கே மதிப்பு. நம் ஊரில் பிளஸ் டூ முடித்து நேரே எம்.பி.பி.எஸ். கலைப் பட்டம் வழியாக உள்ளே போகும் வாசல் கிடையாது. உங்கள் முதல்வர் விளம்பரத்தில் 'அமெரிக்க முறை' என்று போடுவார் பாருங்கள், எப்படியாவது தடுத்துவிடுங்கள்.

#8 வைகைக்கரை

போட்டுவிட்டார். நோட்டீஸ் மாதிரி நேற்றுதான் வாட்ஸப்பில் வந்தது. ஸ்டெதஸ்கோப் படமும் இருக்கிறது.

#9 கிராமச்செவிலி

ஸ்டெதஸ்கோப்பை முதலில் எடுக்கச் சொல்லுங்கள் சார்.

நான் கிராம சுகாதார செவிலியர், இருபத்திரண்டு வருடம். எங்கள் துணைச் சுகாதார நிலையத்துக்கு ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து வருடா வருடம் பிள்ளைகள் வருகிறார்கள். பத்து நாள் இருப்பார்கள், கணக்கெடுப்புப் படிவம் நிரப்புவார்கள், குழுப் படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அவர்களால் எனக்கு ஆகும் உதவி, கர்ப்பிணிகள் பற்றிய பிக்மி பதிவுகளைக் கணினியில் ஏற்றித் தருவது. படிப்பில் அது என்ன சேர்த்தி என்று எனக்குத் தெரியவில்லை.

ஒன்று சொல்கிறேன். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது பிரசவம், தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. காலையிலிருந்து இடுப்பில் வலி. மாமியார் "சூட்டு வலிதான்" என்று சொல்லி, சீரகத் தண்ணீர் வைத்துக் கொடுத்து, பாயில் சாய்த்து உட்கார வைத்திருந்தார். நான் வேறு வேலையாக அந்தத் தெருவுக்குப் போனபோது மதியம் இரண்டு மணி. பார்த்ததுமே தெரிந்துவிட்டது. 108-ஐக் கூப்பிட்டு ஏற்றினோம். ஊர் எல்லை தாண்டி நான்காவது கிலோமீட்டரில் வண்டிக்குள்ளேயே குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள்.

அன்று என்னோடு வந்திருந்த கல்லூரிப் பெண் தன் நோட்டில் என்ன எழுதினாள் தெரியுமா? "தாமதத்துக்குக் காரணம்: மாமியாரின் படிப்பறிவின்மை, மூடநம்பிக்கை." எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அம்மா நாலு பெற்றவர். அக்கம்பக்கத்தில் எத்தனையோ பேருக்குச் சூட்டு வலி என்று சொல்லியிருக்கிறார், அதில் பெரும்பாலும் அது சூட்டு வலியாகத்தான் இருந்திருக்கிறது. சூட்டு வலி என்பது பொய் இல்லை. டாக்டர்களும் அதற்கு வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்க வேண்டியது ஒரே கேள்வி: "வலி விட்டு விட்டு வருதா, விடுற நேரம் குறைஞ்சுக்கிட்டே வருதா?" அந்த அம்மாவிடம் இதைக் கேட்டிருந்தால் அவரே காலையில் வண்டிக்குச் சொல்லியிருப்பார். இப்போது எங்கள் ஊரில் அவர்தான் மற்ற மருமகள்களுக்கு இதைக் கேட்கிறார்.

இன்னொன்று, 'உப்பு'. கிட்னி கெட்டவர்களிடம் "உப்பு ஏறியிருக்கு" என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்புகிறார்கள். அவர்கள் சொன்னது கிரியாட்டினின். வீட்டில் கேட்டுக்கொண்டது சாப்பாட்டு உப்பு. உப்பைக் குறைத்தால் ரத்த அளவு இறங்கிவிடும் என்று நினைத்து, மறு பரிசோதனைக்கே போகாமல் இருந்த ஒருவரை எனக்குத் தெரியும்.

இதையெல்லாம் எந்தப் பாடத்தில் வைப்பீர்கள்? சமூகவியலிலா, உடலியலிலா, தமிழிலா?

#10 வைகைக்கரை

இதை மூன்று முறை படித்தேன் சிஸ்டர். பகுதி ஒன்று தமிழில் நான்கு பருவம் இருக்கிறது. அங்கே யாரும் இதுவரை கை வைத்ததில்லை.

#11 ஸ்காபரோவாசி

கிராமச்செவிலி அக்கா சொன்னதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருடமாகக் கனடாவில். வைத்தியசாலைகளில் தமிழ் உரைபெயர்ப்பாளராக வேலை செய்கிறேன். அதாவது வைத்தியரும் நோயாளியும் பேசுவதை அந்த இடத்திலேயே மாற்றிச் சொல்வது. உடல்நலத் துறையில் தமிழே தகுதியாக இருக்கிற வேலை இது.

எங்கட ஊரில் "அவருக்கு வருத்தம்" என்றால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம். உங்கட ஊரில் வருத்தம் என்றால் மனக்கவலை. ஒருமுறை ஒரு ஈழத்து அம்மம்மா "எனக்கு ஆறு மாசமா வருத்தம்" என்று சொல்ல, தமிழ்நாட்டில் வளர்ந்த ஒரு இளம் வைத்தியர் எனக்காகக் காத்திராமல் தானே விளங்கிக்கொண்டு, மனச்சோர்வுக்கான கேள்விகளை வரிசையாகக் கேட்கத் தொடங்கிவிட்டார். நித்திரை வருதா, அழுகை வருதா, வாழப் பிடிக்கேல்லையா. அம்மம்மா என்னைத் திரும்பிப் பார்த்து, "பிள்ளை, இவருக்கு என்ன பிரச்சினை?" என்று கேட்டா. அவாவுக்கு முழங்கால்.

சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் ஒரே மொழி பேசுகிறோம் என்ற நம்பிக்கைதான் அங்கே பிழையாய்ப் போனது. மாணவர்களுக்கு முதலில் கற்றுக்கொடுக்க வேண்டியது தெரிந்த சொல்லையும் திருப்பிக் கேட்கிற பழக்கம். "நீங்கள் வருத்தம் எண்டு சொல்லுறது எதை?" என்று.

#12 கோடிங்_ஆள்

எல்லோரும் நெகிழ்ந்துபோய் இருக்கிறீர்கள். நடுவில் நான் ஒரு வில்லன்.

சென்னையில் மெடிக்கல் கோடிங், பதினொரு வருடம். அமெரிக்க மருத்துவமனை சார்ட்டைப் படித்து ஐசிடி-10, சிபிடி எண்களாக மாற்றுகிற வேலை. தாவரவியல், விலங்கியல் படித்த ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குச் சோறு போட்ட துறை. நான் நேர்காணல் எடுக்கிறேன். எனக்கு வேண்டியது மூன்று: உடலமைப்பு தெரிய வேண்டும், ஆங்கிலத்தில் நாலு பக்கக் குறிப்பைப் படித்து எது முதன்மை நோய் என்று சொல்ல வேண்டும், எட்டு மணி நேரம் கவனம் சிதறக்கூடாது. சூட்டு வலியை நன்றாகக் கேட்கத் தெரிந்த பெண் நல்ல பெண்தான். அவளுக்கு யார் சம்பளம் போடுவார்? அதைச் சொல்லுங்கள். பிளஸ்டூ_அம்மா கேட்டதற்கு இதுவரை ஒருவரும் பதில் சொல்லவில்லை.

கூடவே என் துறையைக் காட்டியும் ஆசை காட்டாதீர்கள். முதல் சுற்றுக் கோடிங்கை மென்பொருள் போட ஆரம்பித்துவிட்டது. இனிமேல் மனிதர்களுக்கு மிஞ்சுவது சரிபார்ப்பதும், சிக்கலான சார்ட்டும்தான். அதற்கு இன்னும் ஆழமாகப் படிக்கத் தெரிய வேண்டும். அந்த வகையில் உங்கள் ஆங்கில இலக்கியம் கூட உதவலாம், கிண்டல் இல்லை.

#13 ஐசியூ_வாசல்

நான் பதில் சொல்கிறேன். எனக்குச் சம்பளம் போடுகிறார்கள். பி.ஏ. வரலாறு, அப்புறம் எம்.எஸ்.டபிள்யூ. தனியார் மருத்துவமனையில் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர், ஒன்பது வருடம்.

இந்த வேலை சட்டத்தில் பிறந்தது. 1994-இல் உறுப்பு மாற்றுச் சட்டம். 2011-இல் அதைத் திருத்தியபோது ஒருங்கிணைப்பாளர் கட்டாயம் என்று வந்தது. 2014 விதிகளில் தகுதி எழுதியிருக்கிறது: மருத்துவம் அல்லது செவிலியர் படித்தவர், இல்லையென்றால் எந்தப் பாடத்திலும் இளநிலைப் பட்டம், சமூகப்பணி, சமூகவியல், பொதுச் சுகாதாரம் மாதிரி முதுநிலை இருந்தால் நல்லது. சென்னையில் மோகன் அறக்கட்டளை இதற்குப் பயிற்சியே நடத்துகிறது. ஆக, உங்கள் பட்டதாரிக்குப் பெயரோடு இருக்கிற ஒரு வேலை. எண்ணிக்கையில் அதிகம் இல்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேலை எப்படி இருக்கும்? மூளைச்சாவை உறுதிசெய்ய இரண்டு முறை பரிசோதனை, நடுவே குறைந்தது ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரம் குடும்பம் வாசலில் இருக்கும், நானும் இருப்பேன். ஒருமுறை ஒரு அண்ணன், தம்பி விபத்தில் போய்விட்டான், என் கையைப் பிடித்துக்கொண்டு போய் மானிட்டரைக் காட்டி, "மேடம், நெஞ்சு துடிக்குதே, அப்புறம் எப்படி மூளைச்சாவுன்னு சொல்றீங்க?" என்றார். வென்டிலேட்டர் என்ன செய்கிறது, மூச்சு வேறு நெஞ்சுத் துடிப்பு வேறு என்று அவருக்குப் புரியும் தமிழில் சொல்ல எனக்கு உடலியல் வேண்டியிருந்தது. யார் கையெழுத்துப் போட உரிமை உள்ளவர், மனைவியா அண்ணனா என்பதற்குச் சட்டம். அவர்கள் ஊரில் உடலை எப்போது எடுப்பார்கள், தீட்டு என்ன, எதைச் சொன்னால் அவமானமாக எடுத்துக்கொள்வார்கள் என்பதற்குச் சமூகவியலோ அனுபவமோ, ஏதோ ஒன்று. எல்லாம் ஒரே பத்து நிமிடத்தில். அந்த அண்ணன் கடைசியில் உறுப்பு தானம் வேண்டாம் என்றுதான் சொன்னார். அதுவும் என் வேலையில் சேர்ந்ததுதான். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று அவர் சொல்ல முடிகிறபடி, குழப்பமில்லாமல், சொல்லியிருந்தேன்.

கோடிங்_ஆள் அண்ணா, கேட்பதற்குச் சம்பளம் இல்லை என்பது பாதிதான் சரி. கேட்பதற்கு என்று தனிப் பணியிடம் குறைவு. ஆனால் காப்பீட்டு டெஸ்க், நோயாளர் உறவு, தர மேலாண்மை, எச்.ஐ.வி. சிகிச்சை தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் ஆலோசகர், மருத்துவச் சமூகப் பணியாளர் என்று பல பெயர்களில் அதே வேலைதான் இருக்கிறது. சிலதற்கு முதுநிலை கட்டாயம்.

#14 சமூகமருத்துவன்

அரசு மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவம் நடத்துகிறேன். நாங்களும் இதே சிக்கலில்தான் இருக்கிறோம். 2019-இல் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டத்தை மாற்றியபோது மனப்பாங்கு, அறம், தகவல்தொடர்பு என்று ஒரு தனித் தொகுதியையே சேர்த்தார்கள். நல்ல தொகுதி. பல இடங்களில் அது சனிக்கிழமை மதியத்துக்குப் போய்விட்டது. சேர்த்தது ஒட்டவில்லை.

வைகைக்கரை சார், உங்கள் வரைவைத் துறை துறையாக நடத்தினால் சேர்த்துப் பார்க்கும் வேலையை மாணவன் தலையில் கட்டுகிறீர்கள். ஆசிரியர்களாலேயே முடியாததை அவன் எப்படிச் செய்வான்? மாற்று வழி ஒன்று சொல்கிறேன். பருவத்துக்கு ஒரு நிகழ்வை எடுங்கள். நான்கு துறை ஆசிரியர்களும் அதே நிகழ்வை நடத்தட்டும்.

1986, சென்னை. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது இங்கேதான். டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும். பாலியல் தொழில் செய்த பெண்களிடம் எடுத்த ரத்தம், வேலூர் சி.எம்.சி.யில் பரிசோதனை. கிருமி எப்படி வேலை செய்கிறது என்பது உயிரியல். அந்தப் பெண்களிடம் யார், எப்படி ஒப்புதல் கேட்டார்கள் என்பது அறவியல். முடிவு வந்த பிறகு அவர்களை யார் எப்படிப் பார்த்தார்கள் என்பது சமூகவியல். செய்தித்தாள்கள் என்ன சொல் போட்டன என்பது மொழி. ஒரு பருவம் தாராளமாகப் போகும்.

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநோய் குணமாகும் என்று நம்பிக் கூட்டி வருகிற தர்கா இருக்கும் ஊர். சங்கிலியால் கட்டியிருந்த மனநோயாளிகள் 28 பேர் கொட்டகைத் தீயில் செத்தார்கள். ஏன் குடும்பங்கள் அங்கே கொண்டுபோய் விட்டன, மாவட்ட மருத்துவமனையில் அப்போது என்ன இருந்தது, உச்ச நீதிமன்றம் என்ன செய்தது, 2017 மனநலச் சட்டம் சங்கிலியைப் பற்றி என்ன சொல்கிறது, பிறகு தர்காவிலேயே மனநல மருத்துவர்கள் வந்து உட்கார்ந்து, மருந்தும் துஆவும் (பிரார்த்தனையும்) சேர்ந்து நடப்பது எப்படி. தர்காவை மூடநம்பிக்கை என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிற மாணவனுக்கு மதிப்பெண் கிடையாது. சிஸ்டர் சொன்ன அதே நோட்டுப் பிரச்சினைதான்.

2020 ஏப்ரல், சென்னையில் கொரோனாவில் இறந்த மருத்துவரைப் புதைக்க விடாமல் கூட்டம் ஆம்புலன்சை அடித்தது. சில நாளில் அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. எந்தச் சட்டத்தைத் திருத்தி? 1939-ஆம் வருட மதராஸ் பொதுச் சுகாதாரச் சட்டம். எண்பது வருடத்துக்கு முந்தைய சட்டம் அன்று கைக்கு உதவியது. வரலாற்றுத் துறைக்கு எட்டு மணி நேரம் குறைகிறது என்றீர்களே, இதோ இருக்கிறது.

எண்களை விட்டுவிடாதீர்கள். எனக்கு அது ஒரு வெறி. ஆயிரம் பேருக்குப் பரிசோதனை. பத்துப் பேருக்கு உண்மையில் நோய். பரிசோதனை அந்தப் பத்தில் ஒன்பதைப் பிடிக்கும். நோய் இல்லாதவர்களில் நூற்றுக்கு ஒன்பது பேருக்கும் தவறாக 'உண்டு' என்று காட்டும். இப்போது 'உண்டு' என்று சீட்டு வந்த ஒரு அம்மா உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். அவருக்கு நோய் இருக்க எவ்வளவு வாய்ப்பு? எங்கள் மாணவர்களே "தொண்ணூறு சதவீதம்" என்பார்கள். எண்ணிப் பாருங்கள்: உண்மையாக 9 பேர், தவறாக 89 பேர். 98-இல் 9. பத்தில் ஒன்று கூட முழுசாக இல்லை. அந்த அம்மா பயந்துவிடாமலும், அலட்சியமாகிவிடாமலும் இதைச் சொல்லத் தெரிந்தவர்தான் எனக்கு வேண்டும். அதற்கு ஃபார்முலா தேவையில்லை, புளியங்கொட்டை போதும்.

#15 கோடிங்_ஆள்

புளியங்கொட்டை நல்ல யோசனை. என் டீமுக்கே வேண்டும்.

ஆனால் டாக்டர், நான்கு துறை ஆசிரியர்கள் ஒரே நிகழ்வை நடத்துவது என்றால் வினாத்தாள் யார் எடுப்பார்? மதிப்பெண் எப்படிப் பிரியும்? நான் படித்த கல்லூரியில் இரண்டு பேர் சேர்ந்து ஒரு தாள் எடுத்தாலே பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

#16 பழைய_பதிவாளர்

வினாத்தாள் எடுக்கலாம். தாளின் தலைப்புப் பழைய பெயரிலேயே இருக்கட்டும், 'சமூகவியல் அறிமுகம்' என்று. உள்ளே அலகுகளை நிகழ்வை வைத்து எழுதுங்கள். தன்னாட்சிக் கல்லூரிக்கு அலகு மாற்ற உரிமை இருக்கிறது. கல்விக்குழு தலைப்பைத்தான் உற்றுப் பார்க்கும். அனுபவத்தில் சொல்கிறேன், வேறெங்கும் சொல்லமாட்டேன்.

இன்னொரு இடம் காட்டுகிறேன். புதிய மருந்துகள், மருத்துவச் சோதனைகள் விதிகள் 2019-இன்படி, சோதனை நடத்தும் இடத்தின் அறநெறிக் குழுவில் குறைந்தது ஏழு பேர். அதில் ஒரு சாமானியர், ஒரு சட்ட வல்லுநர், சமூக அறிவியலாளர் மாதிரி ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த நாற்காலிகளுக்கு ஆள் தேடி அலைவதைப் பார்த்திருக்கிறேன். சம்பள வேலை இல்லை, அமர்வுக்குப் படிதான். ஆனாலும் அந்தக் குழுவின் அலுவலகத்தை நடத்த, ஒப்புதல் படிவத்தைத் தமிழில் புரியும்படி எழுத, முழுநேர ஆள் வைக்கிறார்கள்.

#17 ஐசியூ_வாசல்

ஒப்புதல் படிவம்! அதைப் பற்றித் தனி இழையே போடலாம். "மேற்படி அறுவை சிகிச்சையினால் ஏற்படக்கூடிய சாதக பாதகங்களை நான் அறிந்து கொண்டேன் என உறுதியளிக்கிறேன்." இதற்குக் கீழே கைநாட்டு. சார், உங்கள் 'இலக்கியத்தில் நோய்' பாடத்துக்குப் பதிலாக ஒரு பருவம் முழுக்க இந்த ஒரு பக்கத்தைத் திருப்பித் திருப்பி எழுதச் சொல்லலாம்.

#18 வைகைக்கரை

பதிலாக வேண்டாமே, கூட வைத்துக்கொள்கிறேன். அந்தப் பாடத்தை நான் விடப் போவதில்லை. ஒரு மனிதர் தன் நோயைக் கதையாகச் சொல்லும்போது எங்கே தயங்குகிறார், எதை முதலில் சொல்கிறார், எதைக் கடைசி வரை சொல்லவே இல்லை என்று கவனிக்க இலக்கிய வகுப்பு மாதிரி பயிற்சிக்களம் வேறு கிடையாது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டாக்டர் ரீட்டா சாரன் மருத்துவ மாணவர்களுக்கு இதைத்தான் கற்றுக்கொடுத்தார். ஆனால் மூன்றாம் வருடத்திலிருந்து முதல் வருடத்துக்கு மாற்றுகிறேன். நோயாளியைப் பார்க்கும் முன் படிக்க வேண்டியது அது.

இரண்டு வாரம் கழித்து இதைச் சேர்க்கிறேன்: வரைவு இப்படி மாறியிருக்கிறது.

பெயர் பி.ஏ. சமூகவியல். முதல்வருக்கு முகம் வாடிவிட்டது. பழைய_பதிவாளர் சொன்ன சான்றிதழ் சரிபார்ப்புக் கதையைச் சொன்னேன், தலையாட்டினார். பருவத்துக்கு ஒரு நிகழ்வு, முதல் நான்கு பருவம் மட்டும். நான்கு ஆசிரியர்களில் இரண்டு பேர் சம்மதித்திருக்கிறார்கள். பொருளாதாரத் துறை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறது. பகுதி ஒன்று தமிழில் இரண்டு அலகுகளைத் தமிழ்த் துறை விட்டுக்கொடுத்தது, நான் எதிர்பார்க்கவே இல்லை. அதில் மாணவர்கள் தங்கள் தெருவில் உடம்புக்குச் சொல்லும் சொற்களைத் தொகுக்க வேண்டும். சொன்னவர் வாயிலிருந்து வந்தபடியே எழுதி, "எதைச் சொல்றீங்க?" என்று கேட்டுப் பதிலையும் எழுத வேண்டும். துறைத் தலைவர் அம்மா முதல் நாளே அவர் மாமியாரிடமிருந்து பதினேழு சொல் கொண்டுவந்துவிட்டார். புள்ளியியலுக்குப் புளியங்கொட்டை வாங்கியாயிற்று.

ஆங்கிலத்தில் சார்ட் படிக்கும் பயிற்சி ஐந்தாம் பருவத்தில், கோடிங்_ஆள் சொன்ன காரணத்துக்காக. சுகாதாரப் பொருளாதாரத்தைப் பாதியாக வெட்டி, காப்பீட்டுக் கோரிக்கை ஒன்றை முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை பின்தொடர்வதாக மாற்றினேன். மருத்துவமனை மேலாண்மையை எடுத்துவிட்டேன். நடத்த ஆள் இல்லை, அவ்வளவுதான் காரணம்.

ஸ்டெதஸ்கோப் போகவில்லை. "படம் இல்லாம நோட்டீஸ் எப்படி சார்" என்கிறார்கள். கையேட்டின் முதல் பக்கத்தில் மட்டும் என் வரி போகிறது: இந்தப் பட்டம் மருத்துவராகவோ செவிலியராகவோ தெரபிஸ்ட்டாகவோ பதிவு செய்ய உதவாது, எந்தெந்த வேலைக்கு நேரே போகலாம், எதற்கு முதுநிலை வேண்டும் என்று கீழே பட்டியல்.

#19 பிளஸ்டூ_அம்மா

பட்டியலைப் படித்தேன் சார். நீளமாக இல்லை. அதனாலேயே நம்பத் தோன்றுகிறது. மகளிடம் காட்டினேன். ஐசியூ_வாசல் எழுதியதை மட்டும் இரண்டு தடவை படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாம் தடவை நீட் எழுதுவாளா, இங்கே சேர்வாளா, இன்னும் முடிவாகவில்லை.

களப்பணி எந்த நாள்?

#20 வைகைக்கரை

சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்று போட்டிருக்கிறேன் மேடம். கல்லூரிப் பேருந்து அன்றுதான் சும்மா நிற்கும்.

#21 கிராமச்செவிலி

சனிக்கிழமை வந்தால் யாரைப் பார்ப்பார்கள் சார்? செவ்வாய்க்கிழமை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகள் வருவார்கள், புதன்கிழமை எங்களிடம் தடுப்பூசி. அன்றைக்குத்தான் மாமியார், அம்மா, அத்தை என்று எல்லோரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பேசுவார்கள். புதன்கிழமை அனுப்புங்கள். ஒன்பது மணி வேண்டாம், எட்டரைக்கே வரட்டும். நாலு பேருக்கு மேல் வேண்டாம், உட்கார இடம் இல்லை. நோட்டு கொண்டுவரட்டும், படிவம் வேண்டாம்.